நாங்கள் கொடுக்காத மனு

அமைச்சரிடம் நான் மனு கொடுக்கும் படம் என் வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிதாக வந்தது. அது அச்சாகிக்கொண்டிருந்த நேரத்தில் மனு என் வீட்டில், தாம்பூலப் பையில், தேங்காய்க்கு அடியில் இருந்தது. ஒரு சங்கத்தின் செயலாளர் இதையெல்லாம் எழுத்தில் ஒப்புக்கொள்வது விவேகமல்ல. விவேகம் இருந்திருந்தால் நான் பத்திரிகையே தொடங்கியிருக்க மாட்டேன்.

முகப்பேர் அடுக்குமாடிகளில் சனிக்கிழமை காலை வாசலில் இலவசமாக வந்து விழுமே, பாதிக்கு மேல் 'வீடு வாடகைக்கு' என்று, அதை நடத்துகிறவன் நான். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூருக்கும் அப்படி ஒவ்வொன்று உண்டு. நான்கு ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். எங்களில் மூத்தவரான பூந்தமல்லி பாய் தலைவர். நான் செயலாளர். மற்ற இருவரும் துணைத் தலைவர்கள். வெறும் உறுப்பினர் என்று எங்கள் சங்கத்தில் யாரும் கிடையாது.

எங்கள் கோரிக்கை எளிமையானது. தண்ணீர் நிறுத்தம், சாலை தோண்டுவது, வரி முகாம் போன்ற உள்ளூர் அறிவிப்புகளை அரசு பெரிய நாளிதழ்களுக்கு மட்டுமே விளம்பரமாகக் கொடுக்கிறது. எங்களுக்கும் கொடுக்க வேண்டும். வீட்டுத் தரகர்கள் எல்லோரும் செல்போனுக்குக் குடிபெயர்ந்துவிட்ட காலம். இது கிடைக்காவிட்டால் என் பத்திரிகை தீபாவளியைத் தாண்டாது, நான் மைத்துனரின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அவர் எனக்கென்று ஒரு ஸ்டூலே பார்த்து வைத்திருந்தார்.

அமைச்சர் வெள்ளிக்கிழமை வானகரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார், மாப்பிள்ளை அறையில் ஐந்து நிமிடம் தருவார் என்று அவருடைய உதவியாளர் சொன்னார். சால்வை, மனு, புகைப்படம். அரசிடம் எதைக் கேட்பதானாலும் வரிசை இதுதான். எங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். இன்னொரு ஆசிரியரின் முகத்தைத் தன் முதல் பக்கத்தில் போட எங்களில் எவருக்கும் மனசு வராது. எனவே கூட்டாக நின்று எடுக்கும் படத்தால் பிரயோஜனமில்லை.

பாய் மனுவைக் கொடுத்தார். படம் எடுத்தாயிற்று. "ஐயா, ஒரே நிமிஷம்" என்று ஆவடிக்காரர் அமைச்சரின் கையிலிருந்து மனுவை மெல்ல உருவி, தானும் ஒருமுறை கொடுத்தார். அடுத்து அம்பத்தூர். அமைச்சர் பொதுவாழ்வில் பழுத்தவர். என் முறை வந்தபோது அவராகவே மனுவை என்னிடம் நீட்டினார். வாங்கி, கொடுத்தேன். என் போனில் படம் எடுத்த ஆவடிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா மாமே, கண்ண மூடிகினுகீற? சாமி கும்புடற மாரி கீது. இன்னொன்னு எடுத்துக்க."

மனுவைத் திரும்ப வாங்கினேன். அதே நேரம் கதவு திறந்து, "ஐயா, தாலி கட்டப் போறாங்க" என்று குரல் வந்தது. அமைச்சர் போய்விட்டார். நாங்கள் வெற்றிக் களிப்போடு பந்திக்குப் போனோம். அன்றிரவு கண் மூடிய படத்தையே அச்சுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் சட்னிக்காகக் கல்யாணத் தாம்பூலப் பையிலிருந்து தேங்காய் எடுக்கப் போன மனைவி, ஒரு கையில் பத்திரிகையும் மறு கையில் மனுவுமாக வந்து நின்றார். "ஏங்க, படத்துல குடுக்கறீங்களே, அது இதுதானா?"

பாய்க்குப் போன் போட்டேன். வெகுநேரம் சிரித்தார். "மனுவே குடுக்காம, 'அமைச்சர் உறுதி'ன்னு நாலு பேப்பர்லயும் போட்ட சங்கம் நம்மளுதுதான் தம்பி." ஆவடிக்காரர் சிரிக்கவில்லை. "மினிஸ்டராண்ட குடுக்கச் சொன்னா தேங்காயாண்ட குடுத்துட்டு வந்துகீறியே!"

திங்கட்கிழமை நால்வரும் உதவியாளரைப் பார்க்கப் போனோம். வழி நெடுக நான் ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். எங்களைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். எங்களுக்காக எந்த அலுவலகத்திலும் அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை. அவர் மேசையில் நான்கு பத்திரிகைகளும் விரிந்து கிடந்தன.

"வாங்க சார். ஐயா பேப்பரப் பார்த்துட்டு, அந்த மனு எங்கன்னு கேக்கறாரு. காலையிலேர்ந்து பீரோவெல்லாம் கவுத்துப் பார்த்துட்டோம். எங்க ஆளுங்க எங்கயோ தொலைச்சிட்டாங்க போல. தப்பா நினைச்சுக்காதீங்க, இன்னொரு காப்பி கிடைக்குமா?"

பாயைப் பார்த்தேன். பாய் மின்விசிறியைப் பார்த்தார்.

"பரவாயில்லைங்க, பெரிய ஆபீஸ்ல இதெல்லாம் சகஜம்" என்றேன், மிகுந்த பெருந்தன்மையோடு. மனுவை நீட்டினேன். ஓரத்தில் கொஞ்சம் தேங்காய் நார் ஒட்டியிருந்தது. ஆவடிக்காரர் பழக்க தோஷத்தில் போனை எடுத்தார். பாய் அவர் கையிலேயே ஒன்று போட்டார்.

கொடுத்த மனு ஊறுகாய் மாதிரி ஊறிக்கொண்டிருக்கும். தொலைத்த மனுவுக்கோ ராஜ மரியாதை. மழைக்காலத்துக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. பாய் வீட்டில் பிரியாணி. சங்கக் கூட்டங்களில் கொட்டாவி தவிர எதற்கும் வாய் திறக்காத அம்பத்தூர்க்காரர் எழுந்து நின்று பாடினார். அடுத்த தெருவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்தே மைத்துனரைக் கூப்பிட்டு, ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

முதல் அரசு அறிவிப்பு வந்த இதழில், எங்கள் வெற்றியைப் பற்றி நீண்ட தலையங்கம் ஒன்றும் எழுதியிருந்தேன். அன்று காலை கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். என் பத்திரிகையைக் கண்ணாடி துடைக்கப் பயன்படுத்துகிறவர்.

"சார், இந்த வாரம் ரொம்பப் பிரமாதம். ரெண்டு தடவ படிச்சேன்."

என் முதுகு தானாக நிமிர்ந்தது. "தலையங்கம்தானே?"

"அது இல்ல சார். செவ்வாய்க்கிழமை தண்ணி வராதுன்னு சுருக்கமா, தெளிவா போட்டிருந்தீங்களே. யார் எழுதினது?"

"அது அரசாங்கம் கொடுத்தது."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, குடம் நிரப்பப் போனார்.