மாடு கறந்த கவிஞரும் மாடிப்படிகளும்

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளைக் கிழமைக்கு இரண்டு தரம் கழுவி வந்தேன். கபோ சந்தைக்குப் பின்புறம் இருந்த பழைய கட்டடம். சொந்தக்காரி முதலாம் மாடியில் இருந்தார்; சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். படிகளோடு அவருடைய வீடும், அவர் வாடகைக்கு விட்டிருந்த இரண்டு வீடுகளும் என் தலையில். நாட்டில் தங்குவதற்கான என் அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும் என்பதால் முழங்கால் நோகிறது என்று ஒருநாளும் அவரிடம் வாய் திறந்ததில்லை. நான் குடியிருந்த சீசாப் பகுதியில் பஸ் ஏறும்போதே களைத்துப்போயிருப்பேன். அந்த வருடங்களில் களைப்பையும் ஒரு உடுப்பைப் போலக் காலையில் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன்.

ஒரு மாரியில் மேல்மாடிக்கு ஒரு அமெரிக்கர் குடிவந்தார். பெரிய கவிஞர், கவனமாகப் பார்த்துக்கொள் என்றார் சிஞ்ஞோரா. கவிஞர் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்க் கவியரங்கம்தான். சால்வை, ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொல்லுவது, கைதட்டல். இவரோ எழுபதை நெருங்கியவர். வெயிலில் சிவந்த கழுத்து, மண்வெட்டி போன்ற கைகள். கதவைத் திறந்தவர் என் கையில் இருந்த வாளியை வாங்கி உள்ளே வைத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. வாளியைத் தூக்கத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்?

கொன்வென்டில் படித்த இங்கிலீசு எனக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதனால் கதைக்க முடிந்தது. அவர் சொன்னவை இப்போது என் தமிழில்தான் ஞாபகம் இருக்கின்றன. அமெரிக்காவின் வடக்கில், பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் வாகனம் எடுக்க வேண்டிய ஒரு நாட்டுப்புறத்தில் இருபது மாடுகள் வைத்திருந்தாராம். பால் விற்றுத்தான் சீவியம். முப்பது வருடத்தில் மூன்று சின்னக் கவிதைப் புத்தகங்கள் போட்டிருந்தார்.

“மூண்டுதானோ?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

“என்ரை மாடுகளைக் கேட்டால் அதுவே கூடிப்போச்சு எண்டு சொல்லும்.”

மனைவி அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தார். அந்த அம்மாவின் முன்னோர் பலேர்மோவிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். ஒரு தரமாவது இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். மாடுகளை விட்டுவிட்டு வர ஒரு வருடமும் வாய்க்கவில்லை. இப்போது மாடுகளை விற்றுவிட்டு இவர் தனியாக வந்திருந்தார், மனைவிக்கு ஒரு கவிதை எழுத. ஒன்றே ஒன்று. அதை எழுதாமல் திரும்பிப் போய் அந்த வீட்டுக் கதவைத் திறக்க ஏலாது என்றார்.

கவிதை வரவில்லை. ஐந்து மணிக்கே எழும்பிக் குசினி மேசையில் உட்கார்ந்திருப்பார். நான் போகும்போது கோப்பி ஆறிக் கிடக்கும், தாள் வெறுமையாகக் கிடக்கும். தாள் நல்லதில்லைப் போலும் என்று நினைத்து, வுச்சீரியாச் சந்தைப் பக்கத்துக் கடையில் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கி மேசையில் வைத்தேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: வாழ்க்கையில் ஒரு கவிதையைக்கூட அவர் தாளில் தொடங்கியதில்லையாம். எல்லாம் பால் கறக்கும்போது மனதில் செய்தவை. மெஷின் வாங்கிய பிறகும் மடி கழுவ, குழாய் மாட்ட, கழற்ற என்று இரண்டு கையும் ஓயாது. அந்த நேரத்தில் வரிகள் வரும். வேலை முடிந்து கை கழுவும்போது எது ஞாபகத்தில் நிற்கிறதோ அதுதான் கவிதை. மற்றது போகட்டும் என்று விட்டுவிடுவார்.

“இப்ப கை சும்மா இருக்குது. தலையும் சும்மா இருக்குது.”

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. கை சும்மா இருக்கிறது என்று கவலைப்பட்ட மனிதரை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நாலாம் மாடியில் முழங்கால் மடங்கிக்கொண்டு நின்றுவிட்டது. சத்தம் கேட்டு இறங்கி வந்தவர் என்னைப் படியில் இருத்திவிட்டு தரை துடைக்கும் மொப்பைப் பிடித்தார்.

“விடுங்கோ சேர், சிஞ்ஞோரா கண்டால் என்னை அனுப்பிப்போடுவா.”

“இருங்கோ. எனக்கு வேலை தாங்கோ.”

வயதான மனிதர், அதுவும் படித்தவர், என் முன்னால் படி கழுவினார். பார்த்துக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. வெட்கம் மூன்றாம் மாடி வரைதான் நின்றது. அதற்குப் பிறகு சுகமாக இருந்தது, பொய் சொல்லுவானேன்? அவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். தெருக்கதவடியில் நிமிர்ந்து, நாலு வரி வந்துவிட்டது என்று மேலே குரல் கொடுத்தார்.

அன்றிலிருந்து படி அவருடையது. நான் அவர் வீட்டை முடித்துவிட்டு வந்து படியில் குந்தியிருப்பேன். இரண்டாம் கிழமையே சிஞ்ஞோரா கண்டுவிட்டார். நாளைக்கு இந்த மனிதர் விழுந்து இடுப்பை முறித்தால் யார் பதில் சொல்லுவது என்று என் மேல் பாய்ந்தார். அமெரிக்கர் தன் உடைந்த இத்தாலியனில், தான் கொடுக்கும் வாடகைக்குள் படிகளும் அடக்கம் என்றுதான் நினைத்ததாகச் சொன்னார். பைத்தியங்கள் எல்லாம் எனக்கென்றே வந்து வாய்க்கின்றன என்று முணுமுணுத்தபடி சிஞ்ஞோரா கதவைச் சாத்தினார். என்னை அனுப்பவில்லை. ஆனால் ஒரு மாதமாக என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

மாரி முடியும் நேரம். மூன்றாம் மாடி வளைவில் மொப்பை நிறுத்திவிட்டு, முடிந்துவிட்டது என்றார். மெதுவாகச் சொன்னார். கவிதை எனக்கு அப்படியே ஞாபகம் இல்லை. விசயம் ஞாபகம் இருக்கிறது. மனைவி மேல் அறையில் பல நாளாகப் படுத்திருந்தார். கடைசி நாள் விடிய, கொஞ்ச நேரம் பக்கத்தில் இரு என்று கேட்டார். மாடுகள் மடி கனத்துக் கத்தின. கறந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இவர் இறங்கிப் போனார். ஏழாவது மாட்டைக் கறக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது, மனைவி போய்விட்டார் என்று. மிச்சப் பதின்மூன்றையும் கறந்து முடித்துவிட்டுத்தான் மேலே போனார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாவின் பக்கம் நின்று கோபப்பட ஆளில்லையே என்று வந்த கோபம்.

“ஏழாவதோடை எழும்பிப் போயிருக்கலாமே! ஏன் போகேல்லை?”

மொப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் யாருக்கும் சொல்லாத ஒன்றை என் வாய் சொல்லத் தொடங்கியது.

“போன வருசம் இஞ்சை சிஞ்ஞோராவின்ரை வீட்டுக்கு எனக்கு ஒரு ரெலிபோன் வந்தது. பாரிசிலை இருக்கிற தங்கச்சி. அம்மா கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்த இடத்திலை செத்துப்போனாவாம். செத்து எட்டு நாளாம்.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“ரெலிபோனை வைச்சிட்டுப் படிக்கு வந்தன். கீழ்க்கதவு வரைக்கும் கழுவினன். பிறகு பஸ்ஸிலை வீட்டை போய்ச் சமைச்சன்.”

“ஏன் உடனை வீட்டை போகேல்லை?”

“படி அரைவாசி ஈரமாய்க் கிடந்தது.”

அவர் என்னைப் பார்த்தார். மொப்பை வாளியில் தோய்த்துப் பிழிந்து, விட்ட படியிலிருந்து கழுவத் தொடங்கினார்.

நான் அங்கேயே இருந்து அழுதேன். சத்தம் போட்டு, அம்மா அம்மா என்று, ஒரு வருடம் பிந்தி. முதலாம் மாடியில் சிஞ்ஞோராவின் கதவு திறந்தது. கையெழுத்தும் பெர்மெஸ்ஸோவும் நினைவுக்கு வராமல் இல்லை. வாளி ஒவ்வொரு படியாக இறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அவர் தெருக்கதவு வரை கழுவி முடிக்கும் மட்டும் நான் எழும்பவில்லை.