நிமிர்ந்து பார்க்காத ரிஸ்தென்

வடதுருவத்தை ஒட்டிய கராஷோக் ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ரிஸ்தெனுக்குப் பொறாமை வந்தது ஐம்பத்திரண்டாவது வயதில். அதற்கு முன் வந்ததே இல்லை என்று சொன்னால் அவளே சிரிப்பாள். நாத்தனாரின் சமையலறை, எதிர்வீட்டுக்காரரின் நாய் என்று சில்லறையாகப் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவையெல்லாம் ஒரு வாய் காபியில் கரைந்துவிடும். இது புருஷன் விஷயம், கரையவில்லை.

புருஷன் நீலாஸ் ஒரு கல்லுளிமங்கன். கலைமான் வைத்திருப்பவர்களில் வாயாடிகளுக்குப் பஞ்சமில்லை. இவன் மட்டும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பான். காலையில் "காபி" என்பான். ராத்திரி "தூக்கம் வருது" என்பான். இடையில் அவனிடமிருந்து வரும் சத்தம் தும்மல் ஒன்றுதான். சுபாவம் அப்படி, என்ன செய்வது என்று முப்பது வருஷம் அவளும் காலத்தை ஓட்டிவிட்டாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு பக்கத்து வீட்டு காரென் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, ராத்திரி வானத்தில் பச்சையாகத் தோன்றும் வடக்கு வெளிச்சம் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை உட்கார வைத்தாள். அடுப்பு மூட்ட, காபி ஊற்ற, வானத்தைக் காட்ட நீலாஸைக் கூப்பிட்டுக்கொண்டாள். அதுவரை ஒன்றுமில்லை. போன வாரம் கடையில் ரொட்டி எடுக்கும்போதுதான் காரென் அந்தக் குண்டைப் போட்டாள்.

"ஏண்டி ரிஸ்தென், உன் புருஷன் என்னமாப் பேசுறான்! அவன் பேசப் பேச ஒரு பிரேசில்காரி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதா, தெரியுமா?"

"யாரு, எங்க நீலாஸா?"

"பின்ன, வீட்டுல எத்தனை நீலாஸ் வச்சிருக்க?"

சொன்னதோடு விட்டாளா? போனை எடுத்துப் படத்தையும் காட்டினாள். பச்சை வானம். அதன் கீழே நரித்தோல் தொப்பி போட்ட ஒருத்தி நீலாஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் பல் தெரியச் சிரிக்கிறான். அந்தப் பல்லை ரிஸ்தென் கடைசியாகப் பார்த்தது கல்யாணத்தன்று.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ரிஸ்தென் ரொட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"வர்றவங்ககிட்ட என்ன பேசுவ?" என்று அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அழுவுறாங்க?"

"குளிருல கண்ணுல தண்ணி வரும்," என்றான் நீலாஸ். அவன் கணக்குக்கு அதுவே ஒரு பிரசங்கம். தட்டில் இருந்த மான்கறிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

நேரே போய்ப் பார்த்துவிட்டு வருவதுதானே என்றால், அதில்தான் சிக்கல். வெளிச்சம் ஏறும்போது விசில் அடிக்கக் கூடாது, துணியை ஆட்டிச் சீண்டக் கூடாது, பெண்கள் வெறுந்தலையோடு நிற்கக் கூடாது என்று அங்கே சொல்வார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு விசிலும் அடிக்கிறார்கள். ரிஸ்தென் சிரிக்க மாட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அண்ணன் ஆன்தே ஒரு மாசி மாதத்தில் வெள்ளைத் துணியை வானத்தைப் பார்த்து ஆட்டி ஆட்டி விசில் அடித்தான். அந்த வசந்தத்திலேயே உறைந்த ஆற்றின் பனி உடைந்து உள்ளே போனவன் திரும்பவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பாதிரியார் சொன்னார். சம்பந்தமில்லை என்று அவளும் சொல்வாள். ஆனால் வானம் பச்சையானதும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். வண்டி ஓட்டும்போது தலைக்கு மேல் கூரை, கண்ணுக்கு முன்னால் சாலை. ஊர் உலகமெல்லாம் விமானம் ஏறி வந்து பார்க்கிறதை, அதன் அடியிலேயே பிறந்து வளர்ந்தவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

பயத்தைப் பொறாமை ஜெயித்தது ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. காரென் தன் விருந்தாளிகளுக்குத் தடித்த குளிருடுப்பு கொடுப்பாள். உடம்போடு தலையையும் மூடி, மூக்கு வரை துணி சுற்றிக்கொண்டால் பிரேசில்காரியும் கராஷோக்காரியும் ஒன்றுதான். கொட்டகையில் தொங்கியதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, விறகுக் குவியல் பக்கம் பலகையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள் ரிஸ்தென்.

காபி கொதிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. "ஹா" என்று எல்லோரும் எழுந்து நின்று தலையைத் தூக்கினார்கள். அவள் ஒருத்திதான் குனிந்தபடி புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் இருந்த அதே நரித்தோல் தொப்பிக்காரி நீலாஸின் இடது பக்கம் போய் நின்றாள். அவன் அவள் கையைப் பிடித்து, மெல்ல அழைத்து வந்து, வலது பக்கம், ரிஸ்தென் இருந்த பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கையைப் பிடித்து! பாதை வழுக்கும்போதுகூட "பாத்து வா" என்று முன்னால் நடக்கிறவன்! கூட்டத்துக்கு நடுவில் எழுந்து போய் இரண்டு பேரையும் ஆற்றில் தள்ளலாமா என்று நிஜமாகவே நினைத்தாள்.

அப்போது நீலாஸ் பேச ஆரம்பித்தான். உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் கொட்டியது.

"மன்னிச்சுக்கங்க, எனக்கு இடது பக்கம் யாரும் நிக்கக் கூடாது. அது என் பொண்டாட்டி இடம். அவ வர மாட்டா. அவ அண்ணன் போனதுலேருந்து மேல பாக்க மாட்டா. நான் வான்னு கூப்பிட்டதே இல்ல. கூப்பிட்டா எனக்காக வந்துருவா, நடுங்கிக்கிட்டே வருவா. அது வேணாம். ஆனா ஒவ்வொரு தடவை இதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போறப்பவும் அவளுக்குத் தெரியாம நல்ல சோறு தின்னுட்டுப் போற மாதிரி இருக்கும். அவ மூஞ்சியப் பாத்தா பேச வாய் வராது."

நரித்தோல் தொப்பிக்காரி ரிஸ்தென் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள்: "போன வாரமும் இதைத்தான் சொன்னாரு. இன்னொரு தடவை கேக்கணும்னே திரும்ப வந்தேன். அந்தம்மா குடுத்து வச்சவங்க, இல்ல?"

வேறொருத்தியாக இருந்தால் மனம் உருகியிருப்பாள். ரிஸ்தெனுக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. கொரியாக்காரனுக்குத் தெரியும், ஸ்பெயின்காரனுக்குத் தெரியும், இந்த நரித்தோலுக்கு இரண்டு தடவை தெரியும். தெரியாதவள் அந்தம்மா மட்டும்தான்.

நீலாஸ் கெட்டிலோடு ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டு வந்தான். அவளிடம் வந்ததும் அவன் பார்வை அவள் காலில் நின்றது. தலை முதல் மூடிக்கொண்டவள் கால்களை மறந்துவிட்டாள். மான்தோல் காலணியைச் சுற்றிக் கட்டும் நெய்த பட்டையின் கோலத்தைப் பார்த்தே இன்னார் வீட்டுக்காரி என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். இது அவள் கையால் நெய்தது. அவன் அவள் காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டான், வீட்டில் போடுகிற மாதிரியே.

"எப்ப வந்த?" என்றான், தங்கள் மொழியில்.

"உன் பொண்டாட்டி கதைக்கு முன்னாடியே வந்துட்டேன்."

நீலாஸ் அடுத்தவருக்கு ஊற்ற நகரப் பார்த்தான். அவள் விடவில்லை.

"ஊர் பேர் தெரியாதவங்ககிட்டச் சொல்லுவ, எங்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"இவங்க நாளைக்குப் போயிருவாங்க."

"அப்ப நானும் நாளைக்குப் போறவதான்னு நெனச்சுக்க. சொல்லு."

அவன் கெட்டிலைக் கையில் பிடித்தபடியே தன் இடத்துக்குப் போய் நின்றான். இடது பக்கம் காலியாக இருந்தது. இப்போதும் கூப்பிடவில்லை, பாவி.

அவளும் எழுந்திருக்கவில்லை. ஆன்தே நினைவுக்கு வந்தான். உடைந்த பனி நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து நரித்தோல் தொப்பிக்காரி, படம் எடுக்க வசதியாக இருக்கும் என்றோ என்னவோ, நீலாஸின் முதுகுப் பக்கமாகச் சுற்றி அந்தக் காலியிடத்தை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

ரிஸ்தென் பலகையிலிருந்து எழுந்த வேகத்தில் காபி பனியில் கொட்டியது. இரண்டு பேரைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் புருஷனின் இடது பக்கம் நின்றாள். அவன் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு, வந்தது வரட்டும் என்று, நிமிர்ந்தாள்.

பச்சையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அது நகரும் என்று நினைக்கவில்லை. காற்றில் திரைச்சீலை அசைவதுபோல் ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மடிந்து விரிந்தது. ஓரத்தில் ரோஜா நிறம் ஓடியது. சத்தமே இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. முப்பது வருஷம் இதை இவன் தனியாகப் பார்த்திருக்கிறான்.

"இவ்வளவு அழகா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே," என்றாள்.

"சொன்னேனே."

"யாருகிட்ட?"

நீலாஸ் கெட்டிலைத் தூக்கி, வரிசையாக வாய் பிளந்து நின்றுகொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களைக் காட்டினான். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள் ரிஸ்தென்.