நூற்றெட்டு றாத்தல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன்; ஒன்றையும் சாகக் கொடுக்கவில்லை. நான் சொல்வது என் முப்பது வயதுகளில், இலங்கை மலைநாட்டில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த காலத்தில் நடந்தது. அப்போது நாலாவது பிள்ளை கைக்குழந்தை.

அதுவரை நான் எலும்பும் தோலுமாய்த்தான் இருந்தேன். அந்த வருடம் கன்னம் உப்பியது, வளையல் கழற்ற வரவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஒரு மாலை கொழுந்து நிறுத்து முடிந்ததும், பெண்கள் விளையாட்டாகத் தராசில் சாக்கைக் கட்டி என்னை உட்காரவைத்தார்கள். நூற்றெட்டு றாத்தல்! இப்போதைய கணக்கில் நாற்பத்தொன்பது கிலோ. முந்தின வருடம் இதே விளையாட்டில் தொண்ணூறுதான்.

"அடியாத்தி, துரைசாணியாட்டம் ஆயிட்டாளே! வீட்டுல என்னத்தடி ஆக்கித் திங்கிற?" என்று கேலி செய்தார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்குப் போனேன்.

ஆனால் மலை ஏற முடியவில்லை. பத்து எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. சதை போட்டால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். என் நாத்தனார் விடவில்லை.

"அண்ணி, டிஸ்பென்சரிக்கு வாங்க."

"எனக்கென்னடி கேடு? நூத்தியெட்டு றாத்தல் இருக்கேன்."

"அந்தப் பெருமைய டாக்டரய்யாகிட்டயே வந்து சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

தோட்டத்து டாக்டரய்யா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்ததாம். பிறகு முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த குழி எழும்பவேயில்லை.

"இது சதை இல்லம்மா, தண்ணி. ஒடம்புல ரத்தமே இல்ல. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா புள்ளைங்க தாயில்லாம நிக்கும்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால், நிறுத்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை தண்ணீருக்கென்று சில றாத்தல் கழிப்பார். அதற்காக அவரோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! ஈரக் கொழுந்தின் எடை பொய் என்று தெரிந்தவள், அதே தராசில் என் உடம்பை வைத்து நம்பிவிட்டேன்.

வயிற்றுப் புழுதான் ரத்தத்தைக் குடிக்கிறதென்று சொல்லி, குமட்டுகிற புழு மருந்தும் இரும்பு மருந்தும் கொடுத்தார். கீரையும் ஈரலும் தின்னச் சொன்னார். மூன்று மாதத்தில் கன்னம் வற்றியது. "என்னடி, இப்பிடி எளைச்சுப்போயிட்ட!" என்று கண்டவர்களெல்லாம் வருத்தப்பட்டார்கள். நிறுத்துப் பார்த்தேன், தொண்ணூற்றாறு. ஆனால் கூடையோடு மேல்மலைக்கு ஓரிடத்திலும் நிற்காமல் ஏறினேன்.

இன்றைக்கும் யாராவது உடம்பு வைத்துவிட்டது, மெலிந்துவிட்டது என்று சொன்னால், எத்தனை றாத்தல் என்று நான் கேட்பதில்லை. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றுதான் கேட்கிறேன்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். எங்கே கண்ணு, ஒருதரம் வாசி. பாட்டி இளைத்துப்போன இடத்தை விடாமல் எழுதியிருக்கிறாயா, பார்ப்போம்.