சுருட்டின் தோல்

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கையிலிருந்த ரபாவுல் விமானத்தளத்தில் மெக்கானிக்காக இருந்த தொகுஜி, நீகாதாவில் மரச்செருப்பு செய்கிறவரின் மகன். அவன் பராமரித்த குண்டுவீச்சு விமானத்தை வரைந்த புண்ணியவான்கள் இறக்கையையே பெட்ரோல் தொட்டியாக்கியிருந்தார்கள். கவசம் என்று ஒரு தகடு கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு தூரம் பறந்து, மலாயாக் கடலில் இரண்டு வெள்ளைக்காரப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. அதனால்தான் ஒரு தோட்டா பட்டாலும் பற்றிக்கொண்டது. உருண்டையான அந்த உடம்பைப் பார்த்து, ஓட்டுகிறவர்களே அதைச் சுருட்டு என்றார்கள்.

பிறகு வந்தவற்றில், தோட்டா துளைத்தாலும் பெட்ரோல் ஒழுகாதிருக்க இறக்கையின் அடியில் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். அதில் வேகம் குறைந்தது.

"உரிச்சுப் போடு," என்றார் தளபதி.

தொகுஜி உரித்தான். நல்ல ரப்பர். வீசியெறிய மனம் வராமல் தனக்கொரு செருப்பு செய்துகொண்டான்.

மறுநாள் காலை விமானத்தில் ஏறப்போன விமானி ஹிரகதா, அவன் காலையே பார்த்தார்.

"என் எறக்கைதானடா அது?"

"ஆமாங்கய்யா."

"நடக்க மெத்துனு இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"பத்திரமா வச்சுக்க. அதாவது மிஞ்சட்டும்."

ரப்பர் இல்லாத இறக்கையில் ஒரே ஒரு தோட்டா. ஹிரகதாவும் சேர்த்து ஏழு பேரும் கடலில் விழுமுன்பே கரியாகிவிட்டதாக, துணைக்குப் போன விமானத்தில் திரும்பியவன் சொன்னான்.

அன்று மாலையே புது விமானம் வந்து இறங்கியது. தளபதி அதன் இறக்கையடியில் ரப்பரைத் தடவிப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலைத் தொகுஜியின் முன்னால் நீட்டினார்.

"அளவெடுத்துக்க. எனக்குப் பாதம் கொஞ்சம் அகலம்."