என் இரத்தம் சொன்னதை எனக்குச் சொல்லாதவர்கள்

என் இரத்தத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு முன்பே இரண்டு ஆண்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் என் கணவர், மற்றவர் என் அண்ணன். இருவரும் என்மேல் அன்புள்ளவர்கள், அதை நான் மறுக்கவில்லை. அந்த அன்பின் பேரில் அவர்கள் செய்த காரியத்தைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கந்தோரில் வேலை செய்தேன். கோதுமைக் கப்பலோ சீமெந்துக் கப்பலோ வந்தால் சுங்கத்துக்குரிய பத்திரங்களைத் தயாரிப்பது என் பொறுப்பு. ஒருநாள் மதியம் கந்தோரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேக்கரியில் வாங்கிய ரோஸ் பாண் துண்டொன்று நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் மேலே வந்தது. அதன்பிறகு பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடப் பழகினேன். பிறகு சோற்றைக் குழைத்தேன். பிறகு கஞ்சி. சேலையின் கொசுவம் கூடிக்கொண்டே போனது. கந்தோரில் எல்லோரும் நான் மெலிந்து வடிவாகிவிட்டேன் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் வாய்வழியே கமரா விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதை என்னிடம் நேராகவே சொன்னார்கள். அழுதேன், பிறகு என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஸ்கானில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை என்றும், முதலில் மருந்தும் கதிர்ச் சிகிச்சையும், அதன்பின் சத்திரசிகிச்சை என்றும் வைத்தியர் சொன்னார். அதற்கு முன் இரத்தம் எடுத்தார்கள்.

முடிவு பார்க்கப் போன நாளில் கணவரோடு அண்ணனும் வந்திருந்தார். அண்ணன் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. தாதி என்னை நிறை பார்க்க அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள். நான் திரும்பி வந்தபோது இருவரும் வைத்தியரின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்துச் சிரித்தார். “ஒப்பரேசன் தேவையில்லையாம் பிள்ளை. குளிசை போதுமாம்,” என்றார்.

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? அன்று பின்னேரமே கோயிலுக்குப் போய் அருச்சனை செய்தேன். என் கணவர் பக்கத்தில் நின்று கைகூப்பினார். கத்தி வைக்காமல் என்னைக் காப்பாற்றியதற்காக நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் என்ன வேண்டினார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்துவிடுவேன் என்று பயம்.

வீட்டில் எல்லாம் மாறியது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எட்டியும் பார்க்காத உறவினர்கள் பழங்களோடு வந்தார்கள். என் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவரே சமைத்தார், என்னைக் குசினிக்குள் விடவில்லை. நான் எதைக் கேட்டாலும் வாங்கித் தந்தார், விழுங்கத்தான் முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் இப்படித் தாங்குகிறார் என்று நினைத்தேன்.

குளிசை போட்டும் விழுங்குவது மோசமாகிக்கொண்டே போனது. ஆனாலும் வீட்டில் சும்மா இருப்பதைவிடக் கந்தோரில் கதிரையில் இருக்கலாமே என்று மனேஜருக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த மாதம் தொடக்கம் வருகிறேன் என்றேன். மனேஜர் தயங்கித் தயங்கி, “உங்கட வீட்டுக்காரர் வந்து சொல்லிப்போட்டார் அக்கா, நீங்கள் இனி வரமாட்டீங்களெண்டு. நாங்கள் வேற ஆளைப் போட்டுட்டம். நீங்கள் ஆறுதலா இருங்கோ,” என்றார்.

கணவர் முற்றத்தில் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஏன் கந்தோருக்குப் போனீர்கள் என்று கேட்டேன். குழாயை நிலத்தில் போட்டார்.

“உம்மட இரத்தம் சரியில்லையாம்,” என்றார்.

அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளணுக்களில் ஒரு வகை கூடியும் இன்னொரு வகை குறைந்தும் இருந்ததாம். அல்புமின் என்ற புரதம் மிகக் குறைவாம். உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு ஏறிக் கிடந்ததாம். இப்படிப்பட்ட இரத்தம் உள்ளவர்கள் சத்திரசிகிச்சையைத் தாங்குவது கடினம், தாங்கினாலும் நெடுநாள் இருப்பது குறைவு என்று வைத்தியர் சொன்னாராம். அப்படியென்றால் அவளை ஏன் வதைக்கவேண்டும், தெரியாமலே நிம்மதியாகப் போகட்டும் என்று அண்ணன் முடிவெடுத்தாராம். இவர் தலையாட்டினாராம். குளிசை வயிற்றெரிச்சலுக்கானதாம்.

அன்றே அண்ணனை வரச்சொன்னேன். வந்தவர் கதிரையில் அமர்ந்து, பாடசாலையில் மாணவருக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கத் தொடங்கினார். எல்லாம் என் நன்மைக்காகத்தானாம். சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே உடைந்துபோயிருப்பேனாம்.

“உடையிறதோ இல்லையோ, அது என்ர இரத்தம் அண்ணா,” என்றேன். “ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீங்கள். எனக்குச் சொல்ல மட்டும்தான் உங்களுக்கு ஏலாமல் போச்சு.”

அவர் எழுந்து போய்விட்டார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அவரை வாசல்வரை வழியனுப்பவில்லை.

மறுநாள் தனியாக ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியர் சிங்களவர். துறைமுகத்தில் பழகிய ஆங்கிலத்தில் அவரோடு பேசினேன். என்னைக் கண்டதும் அவர் வியந்தார். சிகிச்சை வேண்டாமென்று நான்தான் முடிவெடுத்ததாக என் குடும்பத்தார் பிறகொரு நாள் போய் அவரிடம் சொல்லியிருந்தார்கள். என் பெயரால் ஒரு முடிவு, என் வாயிலிருந்து வந்ததாக.

அவர் பொறுமையாக விளக்கினார். இந்த அளவுகள் என்னைப் பற்றிய தீர்ப்பு அல்ல. என்னைப் போன்ற பலருக்கு என்ன நடந்தது என்பதை வைத்துச் செய்யும் கணிப்பு. அது ஓரளவு சரியாக வரும், ஆனால் நான் எந்தப் பக்கம் விழுவேன் என்று அதனால் சொல்ல முடியாது. என் அல்புமின் குறைந்ததற்கு நோய் ஒரு காரணம், சாப்பிட முடியாதது இன்னொரு காரணம். சாப்பாட்டைச் சரிசெய்யலாம். நோயின் பங்கைச் சாப்பாட்டால் மாற்ற முடியாது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு உடம்பைத் தேற்றிவிட்டு, திரும்ப இரத்தம் பார்த்து முடிவெடுக்கலாம் என்று அன்றே சொன்னதாகவும் சொன்னார். கணவரும் அண்ணனும் கேட்டது முதல் பாதியை மட்டும்தான். இரண்டாவது பாதி அவர்கள் காதில் விழவேயில்லை.

ஆனால் அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. நான் அடுத்த அறையில் தராசில் நின்றுகொண்டிருந்தேனே, ஒரு நிமிடம் காத்திருந்தால் என்ன என்று கேட்டேன். இங்கே குடும்பத்தாரிடம் சொல்வதுதான் வழக்கம் என்றார். வழக்கம் என்றால் நான் குடும்பத்தில் இல்லையா என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லி விடக்கூடிய காரியம் இல்லையே. கோயிலில் அருச்சனை செய்துகொண்டும் பழம் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டும் நான் கழித்த வாரங்களில் அந்தக் கட்டி சும்மா இருந்திருக்காது.

குழாய் போட்டார்கள். அரைத்த கஞ்சியையும் பால்மாவையும் ஊசிக்குழலால் நானே ஊற்றிக்கொண்டேன். கணவர் உதவ வந்தபோது கையைத் தட்டிவிட்டேன். அவர் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பாவமாகத்தான் இருந்தது. பாவம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று சொல்பவர்களுக்கு இதில் அனுபவம் இல்லை.

அடுத்தமுறை இரத்தத்தின் முடிவைக் கேட்கப் போனபோது கணவரை வெளியே மர வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அல்புமின் ஏறியிருந்தது. வெள்ளணுக்களின் கணக்கு கொஞ்சம் திருந்தியிருந்தது, முழுதாக அல்ல. சத்திரசிகிச்சையில் உயிராபத்து இருக்கிறது, செய்தாலும் நோய் திரும்பலாம் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். நடுக்கம் வந்தது. ஆனால் அது என்னுடைய நடுக்கம். “செய்யுங்கோ டொக்டர்,” என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியது.

கதிர்ச் சிகிச்சைக்கு வேறு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. பிறகு சத்திரசிகிச்சை. அதைப்பற்றி எழுத எனக்கு மனமில்லை. வலித்தது, பிழைத்தேன். குரல் கரகரத்துவிட்டது. இரைப்பையை மேலே இழுத்துத் தைத்திருப்பதால் ஒரே தடவையில் நிறையச் சாப்பிட முடியாது. தட்டையாகப் படுக்கவும் ஏலாது. வேலை போனது போனதுதான். இப்போதும் இடைக்கிடை பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கிறேன். முடிவை நான்தான் முதலில் கேட்கிறேன், கணவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். நோய் திரும்பாது என்று யாரும் எனக்கு வாக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணனின் மகனுக்குப் போன ஆவணியில் தம்பலகாமத்தில் கலியாணம். போகவேண்டாமென்றே நினைத்திருந்தேன். பிறகு நல்ல சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு கணவரோடு போனேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தூரத்து உறவுக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்து, “நீங்கள் இன்னும்…” என்று தொடங்கினாள்.

“ஓம். இருக்கிறன்,” என்றேன்.

பந்தியில் அண்ணன் தானே வாளியோடு வந்து எனக்குச் சோறு போட்டார். வயது போய்விட்டது அவருக்கு. மெதுவாக, “இன்னும் கோவமோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணா. இன்னும் கோவம்தான்.”

அவர் வாளியோடு அடுத்த இலைக்குப் போனார். என் பந்தியில் இருந்தவர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள், அடுத்த பந்தியும் வந்து அமர்ந்தது. நான் எழும்பவில்லை. ஒவ்வொரு வாயாக மென்று, நெஞ்சுக்குள் இறங்கும்வரை காத்திருந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க இலையில் இருந்ததை முடித்தேன்.