விளக்கு வைக்கும் நேரத்துக் கதவு

தணிகாசலத்துக்குச் சேதராப்பட்டு பிளாஸ்டிக் கம்பெனியில் நிரந்தரமாக நைட் ஷிஃப்ட். உழவர்கரையில் மாடி போர்ஷன், ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. காலையில் வந்து, கடைக்குப் போய், தண்ணீர் பிடித்து வைத்துப் படுக்க மத்தியானமாகிவிடும். மேற்கு பார்த்த வீடு. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனாலும் அறை புழுங்கும், தூக்கம் பிடிக்காது. போன வாரம் மிஷின் முன்னாலேயே கண்ணசந்துவிட்டார்.

"இன்னொரு தடவை தூங்கிப் பார்த்தேன்னா, அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்றார் சூப்பர்வைசர். சொன்னதைச் செய்கிற ஆள்.

குளிர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை ஊதுவத்தி கொளுத்தி ஜன்னல் ஓரமாகக் காட்டிக்கொண்டே போனார்.

"சாமிக்கு ஒருநாள் காட்டினதில்ல. ஜன்னலுக்குப் பூசையா?" என்றாள் மனைவி அமுதவல்லி.

"சாமி இன்னா, என் வேலைக்கு கேரண்டி குடுக்குமா? ஃபேனை நிறுத்து, புகை ஆடுது."

ஜன்னல் கதவுகள் சேரும் இடத்தில் புகை வளைந்தது. வாசல் கதவின் அடியிலோ யாரோ இழுப்பதுபோல ஓடியது. இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினார். கதவடியில் மணல் அடைத்த துணிச்சுருளை வைத்தார். வெயிலை மறைக்க ஜன்னலுக்கு வெளியே பச்சை வலை கட்டினார்.

மறுநாள் அறை குளிர்ந்தது. படுத்ததும் தூங்கிப்போனார்.

சாயங்காலம் முகத்தில் அனல் அடித்து விழித்தார். அமுதவல்லி விளக்கேற்றிவிட்டு வாசல் கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள்.

"இன்னா அமுதா, இப்பதான் நல்லா தூங்கினேன்."

"விளக்கு வெச்சா கதவு தொறந்திருக்கணும். லட்சுமி வர நேரம்."

"அதுக்கு தினம் இம்மாம் நேரமா?"

அவள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகன் பிரேம்குமார் வேலை விட்டு வருகிற நேரமும் அதுதான். போன வருஷம் பைபாஸில் லாரி மோதி இறந்துபோனான். கதவு யாருக்காகத் திறக்கிறது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சாத்து என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் சாத்திவிடுவாள். அதுதான் கஷ்டம். எழுந்து ஏசியை நிறுத்தினார்.

"நாளைலேர்ந்து வந்ததும் படுத்துடறேன். கடை, தண்ணி எல்லாம் நீ பாத்துக்க. விளக்கு வெக்கறதுக்குள்ள எழுந்துக்கறேன்."

"பாத்துக்கறேன்" என்றாள். "இன்னிக்கு ராத்திரி ஷிஃப்டுக்கு இன்னா பண்ணுவீங்க?"

"நின்னுகினே வேலை பாக்கறேன். நின்னா தூக்கம் வராது."

வரும் என்று இருவருக்கும் தெரியும்.