தட்டாவிட்டால் உயிரோடு இருக்கிறார்

இரவுக் காவல் வேலையில் பகல் என்பது, தூக்கம் கெட்டதற்கு யார் காரணம் என்று படுத்துக்கிடந்து யோசிக்கும் நேரம். இரவு ஷிப்ட் செய்து முதுகு உடைந்த உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நான் காவல் நிற்பது லண்டனில், ஹரோவுக்கு அப்பால் உள்ள ஒரு பழைய மாளிகையில். யாரோ ஒரு பிரபு சில நூறு வருடங்களுக்கு முன் கட்டியது. சனிக்கிழமை இரவுகளில் அங்கே பேய் தேட ஆட்கள் வருகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். காசு கொடுத்து இருட்டில் இருக்க வருகிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. சண்டைக் காலத்தில் நாங்கள் ஊரில் அதைச் சும்மாவே செய்தோம்.

சொல்ல வேண்டிய பதில்

முதல் சனிக்கிழமை ஒரு பெண்மணி, இங்கே எதையாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த நாள் மனேஜர் கூப்பிட்டு ஏசினார். வந்தவர்களின் ஆசையைக் கெடுத்துவிட்டேனாம். இனி யாராவது கேட்டால், அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை என்று சொல்லவேண்டுமாம். லண்டனில் இத்தனை வருடமும் அந்த ஒரு வசனத்தை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறேன். எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. அடுத்த கிழமை ஒருவர் கேட்டார், சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "பாவம், இந்த மனிதர் எதையோ பார்த்திருக்கிறார்."

கிறிஸின் குதிக்கால்

பேயைக் கூப்பிடுகிறவன் பெயர் கிறிஸ். நான் அவனுக்கு ஹலோ சொல்வதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. சாப்பாட்டு அறையில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, தான் சுவரோரம் நின்றுகொண்டு, "இருக்கிறாய் என்றால் ஒரு தடவை தட்டு" என்பான். கொஞ்ச நேரத்தில் டொக் என்று கேட்கும். எந்த விளக்கை அணைத்தாலும் அவசர வாசலின் பச்சை விளக்கை மட்டும் அணைக்கச் சட்டம் விடாது. அந்த வெளிச்சத்தில் ஒருநாள், அவனுடைய குதிக்கால் சுவர்ப் பலகையில் மோதுவதைக் கண்டேன். மனைவியை இழந்த ஒரு கிழவர் அன்று அந்தச் சத்தத்துக்கு விக்கி விக்கி அழுதார்.

விடிந்ததும், உனக்கு வெட்கமில்லையா என்று கேட்டேன். தேநீரை ஊதிக்கொண்டே சொன்னான்: "கேட்டு வந்த ஒருவரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை."

மச்சாளின் முடிவு

மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. பக்கத்தில் ரெய்னர்ஸ் லேனில் மகனோடு இருக்கிறார். ஊரில் கடைசிச் சண்டை முடிந்த கையோடு ஆமிக்காரர் அண்ணையை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. மச்சாள் இன்றுவரை பொட்டு வைக்கிறார். மகனோ இந்த ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பேன் என்று நிற்கிறான். தகப்பன் செத்த பிள்ளைகள் பிடிக்கும் விரதம் அது. அவன் பிடித்தால் இவர் பொட்டை அழிக்கவேண்டும். வீட்டில் ஒருவர் சமைத்ததை மற்றவர் தொடுவதில்லை.

என் வேலையைப் பற்றி மச்சாளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் எனக்குப் போன் எடுத்தார். "அங்கை செத்தவையைத்தானே கூப்பிடுகினம்? நான் வந்து ஒருக்கால் கேக்கிறன் தம்பி. தட்டினால் பொட்டை அழிக்கிறன். தட்டாட்டில் அவர் உயிரோடை இருக்கிறார், பிறகு இவன் வாய் திறக்கப்படாது."

இஞ்சாருங்கோ

கிறிஸின் வேலையை மச்சாளிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தட்டுவது பொய் என்றால் தட்டாமல் இருப்பதும் பொய்தானே? பிறகு அவருக்கு என்ன மிஞ்சும்? அதனால் பகையை விழுங்கிக்கொண்டு கிறிஸிடம் போய், இன்றைக்கு வருவது என் சொந்தக்காரி, பார்த்து நடந்துகொள் என்றேன். "அப்படியா? அவருக்கு நல்ல பலமாகவே தட்டுகிறேன்" என்று என் முதுகில் தட்டினான் அந்த மடையன். நான் வாய் திறப்பதற்குள் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றான் கிறிஸ். மச்சாள் புருஷன் பெயரைச் சொல்லுவாரா? இருட்டைப் பார்த்து, "இஞ்சாருங்கோ" என்றார். "இஞ்சை நிக்கிறியளே? நிண்டால் ஒருக்கால் தட்டுங்கோ." தமிழ் தெரியாத அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பச்சை வெளிச்சத்தில் கிறிஸின் குதிக்கால் எழும்பியது. பக்கத்தில் நின்ற நான் ஓர் அடி முன்னால் போய் அந்தக் காலின்மேல் என் முழுப் பாரத்தையும் வைத்து நின்றேன். ஆட்கள் முன்னால் அவன் எப்படிக் கத்துவான்? அறையில் ஒரு சத்தமும் வரவில்லை.

திரும்பும்போது காரில் மச்சாள் வாய் ஓயாமல் பேசினார். மகனுக்குச் சொல்லப்போவதை எனக்கே இரண்டு தரம் சொல்லிக் காட்டினார். வீட்டு வாசலில் கதவைத் திறந்தவர் இறங்கவில்லை. கைப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "உம்மடை அண்ணை உயிரோடை இருக்கிறார் எண்டு நீர் நம்பினால், ஏன் தம்பி அவன்ரை காலிலை ஏறி நிண்டனீர்?"

வாசலைக் காக்கிற எங்களுக்கு, ஆளை உள்ளே விட்டாலும் ஏச்சு, விடாவிட்டாலும் ஏச்சு.